நீக்கப்பட்ட இருபத்தேழாம் வீடு

2024 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. மலேசியாவின் பத்து காஜா ஊருக்கு வெளியே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த குடியிருப்பில், நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக் கேட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள்.

"நான்தான் முதல்ல வந்தேன்," என்றாள் மாதுமை, குடைக்குள் இருந்து.

"காலையிலேர்ந்து அஞ்சு வீட்டுல 'இப்பதான ஒரு பொண்ணு கேட்டுட்டுப் போச்சு'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது நீங்கதானா?"

அவனிடம் குடை இல்லை. இமைகளில் மழைத்துளி நின்றது... அவள் சட்டென்று பார்வையை அவன் கையிலிருந்த படிவத்துக்கு மாற்றினாள். அதில் அவள் துறையின் முத்திரை!

இருவரும் ஒரே புள்ளியியல் துறை ஆய்வு மாணவர்கள். தோட்டத்தைவிட்டு வேறு வேலைக்குப் போன குடும்பங்களின் ஆயுளைக் காப்புறுதிக் கணிதத்துக்காக மாதுமை ஆராய்ந்தாள். சுகுமாரன் அவர்களின் நோய்களை. அவன் பகுதிநேர மாணவன் என்பதால் அதுவரை சந்தித்ததில்லை. துறை கொடுத்த ஒரே பட்டியலிலிருந்து அறுபது வீடுகளைக் கணினி தேர்ந்தெடுக்க, ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். எண் ஒன்றானால் வீடுகளும் ஒன்றாகவே வரும், அதே வரிசையில். இருவருக்கும் ஆய்வு வழிகாட்டியான டாக்டர் மகேந்திரன் வகுப்பில் உதாரணத்துக்கு எழுதிய 123-ஐ இருவருமே மாற்றவில்லை.

"அலாமாக்... முதல் வருஷப் பசங்க செய்ற தப்புலா இது!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டான் சுகுமாரன்.

"நீங்க எத்தனாவது வருஷம்?"

"ரெண்டாவது. நீங்க?"

"...ரெண்டாவது."

அவன் சிரித்தபோது கண்கள் சுருங்கிக் காணாமலே போயின.

டாக்டர் மகேந்திரன் இரண்டு ஆய்வையும் ஒரே கட்டுரையாக்கச் சொன்னார். அதன்பின் ஞாயிறுதோறும் அவன் மோட்டார் சைக்கிளும் அவள் காரும் ஒரே மரத்தடியில் நின்றன. டிசம்பரில் அறுபது வீடுகளும் முடிந்தன. ஞாயிறு ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது என்று மாதுமைக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜனவரியில் களப்பதிவேட்டைப் புரட்டினாள். இருபத்தேழாம் எண் வீடு. சுகுமாரன். தனியாக. நான்கு ஞாயிறுகள்!

அந்த வீட்டில் புனிதா இருந்தாள். இருபத்தாறு வயது, தாதி, இடுப்புவரை பின்னல்.

"இருபத்தேழுல அப்படி என்ன கேள்வி பாக்கி?" என்று மாதுமை அவனிடம் விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"புனிதா நல்லா சமைக்குதுலா. ஒரு வாரம் நண்டு."

நண்டு...

எனக்கென்ன? தோட்டத்தில் பிறந்தவன், தோட்டத்தில் பிறந்தவள். பொருத்தம்தான். ஈப்போவில் இருக்கும் அம்மா சாரதாதேவி யாழ்ப்பாண வம்சம். இவனைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வியே யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்பதாகத்தான் இருக்கும். நல்லதாகப் போயிற்று. நல்லதுதான்... நல்லதுதான்... என்று சொல்லிக்கொண்டே தரவுக் கோப்பைத் திறந்து, இருபத்தேழாம் வீட்டின் வரிசையை நீக்கினாள்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் மூலப் படிவங்களிலிருந்து மறுபடி போட வேண்டும். எதை நீக்கினாலும் பதிவேட்டில் காரணம் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மாதுமையின் கணக்கைச் சரிபார்த்தவன் சுகுமாரன்.

"அம்பத்தொம்பதுதான் இருக்கு. இருபத்தேழு எங்க?"

"எடுத்துட்டேன். தரவு சரியில்ல."

"சரியில்லையா?" அவன் குரல் உயர்ந்தது. "உங்க படிவங்கள்ல, செத்தவங்க வயசு இருபத்துமூணு இடத்துல காலி. தோட்டத்துல யார் எப்ப போனாங்கன்னு புனிதாவோட அப்பா ஐயாவு மாமாவுக்குத்தான் தெரியும். நாலு வாரம் உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டு எழுதினேன்."

"எனக்காகவா?"

"ஒரு கட்டம் காலியா இருந்தா நீங்க தூங்க மாட்டீங்களே!"

"அப்ப... நண்டு?"

அவன் அவளையே பார்த்தான். மெல்ல அவனுக்குப் புரிந்தது.

"மூணாவது வாரம் புனிதா கேட்டுச்சு, என்னைக் கட்டிக்கிறீங்களான்னு. மனசுல வேற ஆள் இருக்குன்னு சொன்னேன். நாலாவது வாரம் வெறும் தண்ணிதான் வந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் சிரிக்கவில்லை.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே. தோட்டத்து ஆளுகிட்ட வாய் திறந்து கேக்குறது ஈப்போக்காரங்களுக்குக் கௌரவக் குறைச்சலா?"

அவன் சொன்னது உண்மை. அவள் கண்கள் நிறைந்தன. பதிவேட்டை இழுத்து, காரணம் என்ற இடத்தில் எழுதினாள்: "பொறாமை. வேறு காரணம் இல்லை. சுகுமாரனை எனக்குப் பிடிக்கும்."

அவன் இரண்டு முறை படித்தான்.

"இதுக்குக் கீழ நானும் கையெழுத்துப் போடணுமா?"

"விதி அப்படித்தான்."

"டாக்டர் பார்ப்பாருலா..."

"பார்க்கட்டும்."

அவன் கையெழுத்திட்டான். பக்கத்தில், "வேறு ஆள் இவர்தான்" என்றும் எழுதினான்.

டாக்டர் மகேந்திரன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, அறுபது வீடுகளையும் சேர்த்து மறுபடி கணக்கிடச் சொன்னார். கட்டுரை பதினொரு நாள் தாமதமாக அனுப்பப்பட்டது.