தொட்டிக்குள் கேட்ட குரல்

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் கட்டுமான இடத்தை ஒரு பக்கம் அடுக்குமாடியும் மறுபக்கம் ரயில் பாதையும் நெருக்கிக்கொண்டிருந்தன. மழைநீரைத் தேக்க மேலே குளம் வெட்ட இடமில்லை. அதனால் பூமிக்கடியில், தூண்கள் நிறைந்த பெரிய தொட்டி கட்டியிருந்தார்கள். மழை கொட்டும்போது தண்ணீரை அதில் பிடித்துவைத்து, பிறகு மெல்லத் தெருவோர வடிகாலான லோங்காங்கில் விடவேண்டும்.

அன்று மாலை வானம் கறுத்தபோது, பொறியாளர் மலர்விழி தொட்டியின் வாயருகே வந்து நின்றாள். மேற்பார்வையாளர் தம்புசாமி இரும்பு மூடியை இழுக்கக் குனிந்தார்.

கீழிருந்து ஒரு முனகல்.

"மிஸ்... கால் மாட்டிக்கிச்சு..."

"யாருண்ணே அது?"

"எல்லாரும் மேல வந்துட்டாங்க மிஸ். நானே பார்த்தேன். இறங்காதீங்க லா, மழை வந்துருச்சு."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே ஒருவனை விட்டுவிட்டு மூடினால்? டார்ச்சோடு ஏணியில் இறங்கினாள்.

ஈரச் சிமெண்டு வாடை. அதற்கடியில், அழுகிய பூமாலையின் நாற்றம். முனகல் கேட்ட தூணை நோக்கிப் போனாள். யாருமில்லை. அடுத்த தூணுக்குப் பின்னால் முனகல். அங்கேயும் யாருமில்லை. ஒவ்வொரு முறையும் அது ஏணியை விட்டுத் தள்ளித் தள்ளிப் போயிற்று.

அது புரிந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது.

டார்ச் அணைந்தது.

தூண்கள் மறைத்ததில் திறப்பின் வெளிச்சமும் தெரியவில்லை.

"மிஸ்! இந்தப் பக்கம் வாங்க!" தம்புசாமியின் குரல்.

"மிஸ்! இந்தப் பக்கம் வாங்க!" அதே குரல், எதிர்த்திசையிலிருந்து.

எந்தக் குரலை நம்புவது?

மழைநீர் வந்து விழும் குழாய் ஏணிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து காலில் மோதுகிறதோ, அந்தப் பக்கமே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் குரல் கெஞ்சியது. பிறகு திட்டியது. பிறகு அழுதது.

தண்ணீர் மார்பளவு ஏறியபோது கையில் ஏணியின் இரும்பு தட்டுப்பட்டது.

தம்புசாமி அவளை இழுத்து வெளியே போட்டார். மூடியை உதைத்துத் தள்ளிச் சாத்தினார். கொட்டும் மழையில் இருவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அவர் அவள் கையை விடவேயில்லை. கீழே தொட்டி நிறைந்து, இரைச்சல் அடங்கியது.

மூடிக்கு நேர் அடியில் யாரோ தட்டினார்கள்.

"அண்ணே... ஏன் மூடிட்டீங்க? நான் இன்னும் ஏறல."

அது மலர்விழியின் குரல்.

தம்புசாமி தன் பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தார்.

பிடித்திருந்த கையை மெல்ல விட்டார்.