கற்பூரக்காரத் தெருவின் கடைசி அடுக்கு

கற்பூரக்காரத் தெருவில் சுவருக்குக் காது உண்டு. சந்தேகமிருந்தால் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு நீங்களே கேட்கலாம். பழைய காரைச் சுவரில் பதிந்துபோன பேச்சை வருஷவாரியாக உரித்தெடுக்கும் 'சுவர்ச்செவி' என்ற கருவி வந்த பிறகு, இடிக்கக் குறித்துவைத்திருந்த அந்தச் சென்னை மண்ணடித் தெருவுக்கு உலகமே வந்தது. 1904இல் ஒரு தயிர்க்காரி வெள்ளைக்கார துரையை வாங்கு வாங்கென்று வாங்கியதைக் காதுக்கருவியில் கேட்டுப் பயணிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தெருச் சங்கச் செயலாளர் தனகோட்டிக்குப் பெருமை பிடிபடவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் புல்டோசருக்குக் குறுக்கே படுத்தவளாயிற்றே!

இன்று அரசு ஆய்வாளர் இளம்பரிதி வந்திருந்தார். 'வாழும் தெரு' என்று அவர் எழுதினால் நாற்பது குடும்பங்களும் இங்கேயே இருக்கலாம். 'காட்சித் தெரு' என்றால் ஊருக்கு வெளியே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"1904 போடட்டா சார்? சூப்பரா இருக்கும்."

"கடைசிப் பன்னெண்டு வருஷத்தைப் போடுங்கம்மா."

வழிகாட்டிகளின் குரல், பயணிகளின் "ஆகா", செருப்புச் சத்தம். அவ்வளவுதான் வந்தது.

"இங்க யாரும் குடியிருந்த மாதிரியே தெரியலையேம்மா," என்று சொல்லி இளம்பரிதி 'காட்சித் தெரு' என எழுதினார்.

நம் பேச்சை நாளைக்கு நாலு பேர் கேட்பார்களே, மானம் போகுமே என்று, சுவர்ச்செவி வந்ததும் தெருக்காரர்கள் தங்களுக்குள் வாய் திறக்கக்கூடாதெனத் தீர்மானம் போட்டவளே தனகோட்டிதான். அன்றிலிருந்து எல்லாமே கைஜாடை.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுச் சுலைகா, தனகோட்டியின் குடத்தை ஓசைப்படாமல் நகர்த்திவிட்டுத் தன் குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

"ஏய் சுலைகா! என் கொடத்த ஏன்டி நவுத்துன?"

தெரு அதிர்ந்தது. சுலைகா பயந்து வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்தாள்.

"நவுத்துனா இன்னா இப்போ? கொடத்த வச்சிட்டு நீ பாட்டுக்குச் சாருக்கு சொவுத்த காட்டினுகீற! கொழா இன்னா உங்கப்பன் ஊட்டு சொத்தா?"

ஜன்னல்கள் திறந்தன. மூன்றாம் வீடு தனகோட்டி பக்கம், ஐந்தாம் வீடு சுலைகா பக்கம். பன்னிரண்டு வருஷம் அடக்கிவைத்ததெல்லாம் வெளியே கொட்டியது. இளம்பரிதி எழுதியதை அடித்தார்.

கோவையிலிருந்து வந்த பயணி ஒருவர் தன் காதுக்கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தனகோட்டியிடமே கேட்டார்: "அருமையா இருக்குதுங்க! இது எந்த வருசத்துப் பதிவுங்க?"

"இந்த வருஷந்தான்யா," என்றாள் தனகோட்டி, இடுப்பில் கை வைத்தபடி. "கொஞ்சம் தள்ளி நில்லு. சொவுத்துக்கு நல்லா கேக்கட்டும்."