நடுத்தாள்

மூடி வைத்த புத்தகம் திறந்து கிடந்தது.

அறை வாசலிலேயே நின்றுவிட்டான் தராசு. கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு, முதுகுக்கு அட்டை கொடுத்து, காலையில் அவனே அலமாரியில் வைத்துப் பூட்டிய ‘செவ்வங்கியன்’ முதல் இதழ், சாயங்கால வெளிச்சம் மங்கலாக விழுந்த மேசையின் மேல், மிகச் சரியாக நடுவில் விரிந்திருந்தது. உறையைக் கழற்றியவர்கள் அதை அழகாக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பழைய தாளின் புளித்த வாசனையோடு இன்னொரு வாசனையும் அறையில் இருந்தது. இருமல் மிட்டாய். அவன் வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை.

பழைய சாகசச் சித்திரக்கதைப் புத்தகங்களுக்கு மதிப்புச் சொல்வது அவன் தொழில். அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. அதனால்தான் சேகரிப்பவர்கள் அவனுக்குத் தராசு என்று பெயர் வைத்தார்கள். அவனிடமிருந்த இந்த முதல் இதழில் நேற்று வரை நடுத்தாள் மட்டும் இல்லை. வேறு பிரதியின் தாளைச் செருகி முழுப் பிரதி என்று காட்டிய ஆட்களைச் சந்தையில் எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்தவன் அவன். நேற்று அவனே அதைச் செய்தான்.

நேற்று போனது மிட்டாய் வீட்டுக்கு. எப்போதும் வாயில் இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு பேசும் அந்தக் கிழவருக்கு எல்லோரும் வைத்த பெயர் அது. போன மாதம் இறந்துபோனார். அவருடைய தங்கைதான் வரச் சொல்லியிருந்தாள்.

“விற்கிறதுக்கு இல்ல சார். ‘செவ்வங்கியன்’ முதல் இதழ் முழுசா இருக்கிறது ஊர்லயே என்கிட்ட மட்டும்தான்னு அண்ணன் சாகிற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. நாங்க யாரும் நம்பல, கேலி பண்ணோம். அது நிஜமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, போதும்.” சொல்லிவிட்டு ஒரு தகவலும் சேர்த்தாள். “தினமும் நடுவுல திறந்து, தாளைக் கோத்திருக்கிற அந்த ரெண்டு பின்னையும் கட்டைவிரலால தடவிப் பாத்துட்டுத்தான் தூங்குவாரு.”

அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். நடுத்தாள் இரண்டு பின்களை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது. பின்னின் கால்களை நகத்தால் நிமிர்த்தினால் போதும், சத்தமே வராமல் கையோடு வந்துவிடும். வந்தது. தம்ளரோடு அவள் திரும்பியபோது தாள் அவன் பைக்குள் இருந்தது.

“நடுத்தாள் இல்லம்மா” என்றான்.

அவள் முகம் சுருங்கியதை அவன் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பை வாரைச் சரிசெய்தான். “அப்ப அண்ணன் பொய்யா சொன்னாரு?” என்று அவள் கேட்டாள். “சேகரிக்கிறவங்க அப்படித்தாம்மா” என்றான். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் காது மடல் கொதித்தது.

டிக்.

மேசைப் பக்கமிருந்து. நகம் இரும்பில் இடறும் சின்னச் சத்தம்.

டிக்.

அவன் பாய்ந்து போய்ப் புத்தகத்தை மூடினான். அலமாரியைத் திறந்து உள்ளே தள்ளும்போது மற்ற புத்தகங்கள் என்னவோ ஒல்லியாகத் தெரிந்தன. ஒன்றை எடுத்தான். நடுத்தாள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. எதிலும் இல்லை. பின்களின் கால்கள் மட்டும் நிமிர்ந்து நின்றன, அவன் நிமிர்த்துவது போலவே, பதமாக.

“அப்பா!” மகள் கதவருகே நின்றாள். கையில் அவளுடைய ஓவிய நோட்டு. “என் நோட்டுல நடுத்தாளைக் காணோம். நீங்க எடுத்தீங்களா?”

“இல்லடா.”

நிஜத்தைத்தான் சொன்னான். நேற்றுப் பேசிய அதே குரலில் வந்தது. அவள் நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனாள். பெற்ற பிள்ளையின் முன் நிற்க இடமில்லாமல் போனது போல இருந்தது.

சொல்லிவிட வேண்டியதுதான். தாளைத் திருப்பிக் கொடுத்து, காலில் விழுந்தாவது. அவன் போனை எடுத்தான்.

“சொல்லுங்க சார்” என்றாள் தங்கை. அழுது ஓய்ந்த குரல். “கோபத்துல அண்ணன் போட்டோவைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டேன். இத்தனை வருஷமா எங்களை ஏமாத்தியிருக்காரு பாருங்க. எதுக்குக் கூப்பிட்டீங்க?”

இதோ, இப்போது. ஒரு வரி போதும். வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து மனைவி காபியோடு உள்ளே வந்தாள். “யாருங்க?” என்று கண்ணாலேயே கேட்டாள். தராசு என்ற பெயரைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறவள்.

“ஒண்ணுமில்லம்மா” என்றான் போனில். “மனசுல வெச்சுக்காதீங்க. பொய் சொல்றது அவங்களுக்கெல்லாம் பழக்கம்தான்.”

போனை வைத்தான். மனைவி தம்ளரை மேசையில் வைத்தாள். “என்ன, மிட்டாய் வாசனை அடிக்குது?” என்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஜன்னல் பக்கம் போய்த் திரையை இழுத்துவிட ஆரம்பித்தாள்.

டிக்.

மேசையிலிருந்து இல்லை. அலமாரியிலிருந்தும் இல்லை.

அவன் மெல்லக் குனிந்து பார்த்தான். சட்டையில், நெஞ்சுக்கு நடுவே, துரு நிறத்தில் ஒரு பொட்டு. தொப்புளுக்கு மேலே இன்னொன்று. பொத்தானைக் கழற்றினான். தோலுக்குள்ளிருந்து இரண்டு பின்களின் துருப்பிடித்த கால்கள் எட்டிப் பார்த்தன. வலி இல்லை. ஒரு விரல் உள்ளேயிருந்து தடவிப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. குளிர்ந்த விரல். கட்டைவிரல்.

மேலே இருந்த பின்னின் கால்கள் நிமிர்ந்தன. அவசரமில்லாமல். தாள் கிழிந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து.

கத்தலாம். மனைவி நாலடி தள்ளி முதுகைக் காட்டி நிற்கிறாள். கத்தினால் திரும்புவாள். திரும்பினால் பார்ப்பாள். ஏன் என்று கேட்பாள்.

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டான். அடுத்ததையும் போட்டான்.

“என்னங்க, வேர்க்குது உங்களுக்கு?”

“ஒண்ணுமில்ல” என்றான்.

சட்டைக்குள், டிக், இரண்டாவது பின்னின் கால்கள் நிமிர்ந்தன. பிறகு நடுவில் ஏதோ ஒன்று, சத்தமே இல்லாமல், கையோடு வரத் தொடங்கியது.