கரை இல்லாத காலண்டர்

ஜனவரி ஐந்தாம் தேதி காலை, ஆபீஸ் சுவரில் தொங்கிய காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தபோதுதான் லட்சுமிகாந்தம் அதைக் கவனித்தார். படத்திலிருந்த படகு சிறுத்திருந்தது.

அதிகமில்லை, ஒரு நெல் அளவு. ஆனால் அவர் சிவகாசியில் இருபத்தேழு வருடமாக அச்சகம் நடத்துகிறவர். தாளில் ஒரு மயிரிழை விலகினாலும் கண்ணாடி போடாமலே சொல்லிவிடுவார். புத்தாண்டன்று படகின் மூக்கு கம்பெனிப் பெயரின் கடைசி எழுத்துக்கு நேர் கீழே நின்றது. இப்போது அங்கே வெறும் நீலம். மூலையில் கிடந்த மிச்சக் காலண்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். மை வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது, கருவாட்டுக் கூடையைத் திறந்ததுபோல. எல்லாப் படத்திலும் படகு அதே அளவு சிறுத்திருந்தது.

படத்தில் இருப்பது அவருடைய சொந்தப் படகு. மேல்தளத்தில் வெள்ளைச் சட்டையோடு கையைத் தூக்கி நிற்பவர் அவரேதான்.

கையில் பணம் சேர்ந்தவனுக்கு முதலில் காரின் மேல் ஆசை வரும். பிறகு மாடி வீடு, பிறகு ஊருக்கு வெளியே ஒரு தோப்பு. எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒன்று மிஞ்சும்: எவனும் வந்து காலிங்பெல் அடிக்க முடியாத ஓர் இடம். தூத்துக்குடி புரோக்கர் அந்த நாடியைப் பிடித்துத்தான் பேசினார். "இன்னும் பத்து வருசம் போகட்டும் அண்ணாச்சி, கார் வச்சிருக்கவன் எல்லாம் நடுத்தரம். கப்பல் வச்சிருக்கவன்தான் பணக்காரன். பொங்கலுக்கு நன்கொடை, தேர்தலுக்கு நன்கொடைன்னு ரசீது புக்கத் தூக்கிக்கிட்டு நடுக்கடலுக்கு எவன் வருவான்?" அந்தக் கடைசி வார்த்தையில்தான் லட்சுமிகாந்தம் விழுந்தார். துபாய்க்காரர் ஒருவர் பயன்படுத்திய சொகுசுப் படகு, குளிர்சாதன அறை இரண்டு, சோபா, குளியல் தொட்டி. வாங்கியாயிற்று. துறைமுகத்தில் நிறுத்தத்தான் அனுமதி வரவில்லை. ஒரு வருடமாக அது ஆமத்தூரில் அவருடைய கரிசல் காட்டில், டிரெய்லர் மேல், கருவேல முள்ளுக்கு நடுவில் நின்றது. வெயில் நேரத்தில் ஆடுகள் அதன் நிழலில் அசைபோட்டன. சுற்றுப்பட்டுச் சனங்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருட காலண்டரின் மாதிரிகளை வெளியிடுவது சிவகாசி வழக்கம். போன ஆடிக்கு, சாமி படமெல்லாம் ஏஜெண்டுகளுக்கு, கம்பெனி பெயரில் இனாமாகக் கொடுப்பதற்குக் கப்பல் படம் என்று முடிவு செய்தார். படத்தை அச்சகத்து டிசைனர் முனியராஜ் கம்ப்யூட்டரில் திருத்தினான். டிரெய்லரை அழித்தான், முள்ளை அழித்தான், காவல்காரன் கட்டிலை அழித்தான், அடியில் கடலைப் பரப்பினான்.

"மொதலாளி, கரை எந்தப் பக்கம் வைக்க?"

"கரையே வேண்டாம்லே. கரை இருந்தா எவனாவது நன்கொடை நோட்டோட வந்து நிப்பான்."

முனியராஜ் சிரித்தான். இருபதாயிரம் பிரதி அடித்தார்கள். சூலக்கரை சர்க்கார் ஆபீஸ்களிலிருந்து சிவகாசி பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை கப்பல் காலண்டர் தொங்காத சுவர் இல்லை.

ஆறாம் தேதி இன்னொரு நெல் அளவு குறைந்தது. ஏழாம் தேதி அவர் தாளைக் கிழிக்கவில்லை. ஆனாலும் குறைந்தது. அன்று காலை ஆறரை மணிக்கு, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, ஊரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மெல்லிய ஒரு சத்தம் எழுந்து வந்து காதில் மோதியது. சர்ர்ர். ஒரு வீட்டில் ஒரு தாள் கிழிபட்டால் யாருக்குக் கேட்கும்? இது இருபதாயிரம் சுவரில் இருபதாயிரம் கை கிழிப்பது. மணலில் அலை ஏறி இறங்குவதுபோல் இருந்தது. காலடியில் குளியலறைத் தரை ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. வாய் கொப்பளித்தார். உப்புக் கரித்தது.

காபி வந்ததும் மனைவியிடம், "வல்லி, ஆறிப்போச்சு, சூடு பண்ணிக் கொடு" என்றார். ஒரு கை தூரத்தில் நின்ற கற்பகவல்லி தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தாள்.

"சினேகா, தெருவுல யாரோ கூப்பிடுதாக. யாருன்னு பாரு."

மகள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்றாள். அவர் தொண்டை கிழியக் கத்தின பிறகுதான் வல்லி திரும்பினாள். "ஏன் முணுமுணுக்கீக? வாயத் திறந்து பேசுனா என்ன?"

மத்தியானமே ஆமத்தூருக்குக் காரை விரட்டினார். படகு அங்கேதான் இருந்தது. டிரெய்லரும் அசையவில்லை, கட்டிய கயிறும் அவிழவில்லை. வெடித்துக் கிடந்த கரிசல் மண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை. கட்டிலில் கிடந்த காவல்காரன் சங்கிலிமுத்து எழுந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து அவரை உற்றுப் பார்த்தான். இருவருக்கும் இடையில் பத்தடிகூட இல்லை.

"மொதலாளியா? ஏன் அங்கனயே நின்னுட்டீக? கிட்ட வாங்க."

"கிட்டத்தான்லே நிக்கேன்!"

"ஒண்ணுமே கேக்கல மொதலாளி. காத்து அம்புட்டையும் அள்ளிக்கிட்டுப் போகுது."

கருவேல இலை ஒன்றுகூட அசையவில்லை.

திரும்பி வந்ததும் காலண்டர்கள் அத்தனையையும் திரும்ப வாங்கிவரச் சொல்லித் தாளில் எழுதி முனியராஜிடம் கொடுத்தார். பேசினால் அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டு நாள் வேன் சுற்றியது. முப்பத்தொன்றுதான் கிடைத்தது.

"எவனும் தரமாட்டேங்கான் மொதலாளி," முனியராஜ் அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவர் நின்றது சன்னலோரத்தில். "டீக்கடைக்காரன் ராகுகாலம் எதுல பாக்கன்னு சண்டைக்கு வாரான். இனாமாக் கொடுத்ததப் புடுங்குத மொத கம்பெனி நம்மதானாம். சிரிக்காக."

வீட்டுக் காலண்டரை அவரே கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மறுநாள் அதே ஆணியில் இன்னொன்று தொங்கியது. மளிகைக்கடையில் கேட்டு வல்லி வாங்கி வந்திருந்தாள். அதைக் கழற்றப் போனார். ஆணிவரை கை எட்டவில்லை. அதே சுவர், அதே ஆணி, அவருடைய அதே உயரம். எட்டவில்லை.

படத்தில் அவர் விறைப்பாகக் கையைத் தூக்கி நின்றது, கூட்டத்துக்கு வணக்கம் வைக்கிற மிடுக்கில். படகு மிளகளவு ஆனபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. இப்போது அது வணக்கமாகத் தெரியவில்லை. வாய் திறந்திருந்தது. படம் எடுத்த அன்று வாயை மூடியிருந்தார். அது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். சாப்பாட்டு மேசையில் மூன்றாவது தட்டு வைப்பதை வல்லி நிறுத்தினாள். தேடவில்லை, அழவில்லை. "அப்பா வெளியூர்லயாம்மா?" என்று சினேகா கேட்டபோது வல்லி கொஞ்சம் யோசித்தாள். "தூத்துக்குடி போறேன்னாக, கப்பல் விசயமா." அவர் இருவருக்கும் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆறரை.

சர்ர்ர்.

தரை உயர்ந்தது. தாழவில்லை. கூடத்து மொசைக் தரையின் பூ வேலைப்பாடு கலங்கி நீலமாயிற்று. சுவர்கள் விலகின. நான்கு பக்கமும். கூரையும். காலுக்கடியில் பலகை. கையில் குளிர்ந்த கம்பி. சோபா வாசனை, துபாய்க்காரரின் பழைய அத்தர் வாசனை. அப்புறம் உப்பு. உப்பு மட்டும்.

சுற்றிலும் நீர். அலையில்லாத நீர். கரை இல்லை.

தொலைவில், வானத்தின் அடியில், ஒரு சின்னச் சதுரம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதற்குள் அவருடைய கூடம். வல்லி மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். ஸ்கூல் வேனின் ஹாரன் கொசுச் சத்தமாகக் கேட்டது. அவர் கையைத் தூக்கினார். கத்தினார்.

சினேகா காலண்டர் பக்கம் வந்தாள். சதுரம் முழுக்க அவள் முகம் நிறைந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவரை நேராகப் பார்த்தாள்.

"அம்மா, கப்பலே இல்ல. ஒரு புள்ளிதான் இருக்கு."

"ஈ எச்சமா இருக்கும்டி. தொடச்சு விடு."

"சினேகா! நான்தான், அப்பா! அப்பா இங்கன இருக்கேன்!"

பிள்ளை விரல்நுனியை நாக்கில் தொட்டாள். வானம் இருண்டது. வரிவரியாக, வட்டம் வட்டமாக, ஈரம் மினுங்க, அவர் மகளின் விரல் அடிவானம் முழுக்க மறைத்துக்கொண்டு மெல்ல இறங்கிவந்தது.