மழை நாள் பெரட்டு

இராஜம்மாவின் இடுப்பெலும்புக்கு அன்று காலை ஒரு விலை சொன்னார்கள்: ஒரு கல்யாணம். சொன்னவன் அவள் கூடப் பிறந்த தம்பி அர்ஜுனன். ஆஸ்பத்திரி வராந்தாவில், சரக்கைக் குறைத்துக் கேட்க வந்தவனைப் போலக் குரலைத் தணித்துக்கொண்டான்.

"டாக்டர் கேட்டா அக்காவுக்கு ஒரு நோயும் இல்லன்னு சொல்லிருங்க அண்ணி. கொஞ்சம் கூச்ச சுபாவம், அவ்வளவுதான் லா! தஞ்சோங் காராங்குல பேசி வச்ச மாப்பிள்ளையோட சித்தி வேலம்மா இந்த வார்டுலதான் வேல செய்யுது. பைத்தியம்னு காதுல விழுந்தா என் மக சந்திரிகா கதி...?"

அர்ஜுனனின் அண்ணன் வீரன் கண்ணை மூடியபோது மனைவி அம்சவள்ளிக்கென்று விட்டுப் போனது இந்த நாத்தனாரைத்தான். மனம் கலங்கிய இராஜம்மாவுக்குப் புக்கிட் ரோத்தான் ரப்பர் தோட்ட லயத்தில் தலைவாரி, சோறூட்டி, மாத்திரை விழுங்க வைத்தவள் அவளே. அர்ஜுனன் தீபாவளிக்கு ஒரு சேலையோடு வந்து போவான். அந்த வியாபாரத்தில் அவனுக்கு நஷ்டமே கிடையாது. நேற்றுக் குளிக்கும் இடத்தில் வழுக்கி இடுப்பு முறிந்தபோதுகூட இராஜம்மா அழவில்லை. வலி என்று சொல்லத் தெரியாமல் சுவரைப் பார்த்துச் சிரித்தபடி கிடந்தாள்.

டாக்டர் வந்தார். "வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறாங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்!" அர்ஜுனன் முந்திக்கொண்டான்.

"சாப்பிடுறாங்க!" அம்சவள்ளி பையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினாள். "மனசுக்கு. மாசாமாசம் ஊசியும் போடுறாங்க..."

"நல்ல வேளை சொன்னீங்கம்மா! தெரியாம மயக்க மருந்து குடுத்திருந்தா பிரஷர் இறங்கியிருக்கும். இந்த மாத்திரைய சட்டுனு நிறுத்தினாலும் வம்பு. ஆபரேஷன் பண்ணலன்னா படுத்த படுக்கையாகி நெஞ்சுல சளி கட்டிக்கும். பண்ணினாலும் புத்தி தடுமாறி எழுந்து ஓடப் பார்ப்பாங்க. ஆள் கூடவே இருக்கணும்."

"நான் இருக்கேன் டாக்டர்."

"இருங்க, நல்லா இருங்க! எங்க அண்ணன் கட்டிக்கிட்டு வந்தது எங்க குடும்பத்தக் கெடுக்கத்தான்!" அர்ஜுனன் கத்திவிட்டுப் போனான்.

ஆபரேஷன் நடந்தது, உயிர் தங்கியது. மறுநாள் விடிந்தும் விடியாமலும் அர்ஜுனன் கண் சிவக்க வந்து நின்றான்.

"சந்தோஷமா அண்ணி? வேலம்மா போய்ச் சொல்லிருச்சு. நிச்சயத்த நிறுத்திட்டாங்க! இப்ப..."

அவன் முடிக்குமுன் இராஜம்மா கட்டில் கம்பியைப் பற்றி எழப் பார்த்தாள். "பெரட்டுக்கு நேரமாச்சு... மண்டோர் பேர் கூப்பிடுறாரு... விடுங்க!" பால்மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில் விடியுமுன் கங்காணியான மண்டோர் ஆள் எண்ணும் பெரட்டு அவள் தலைக்குள் இன்னும் கலையவேயில்லை.

அம்சவள்ளி மண்டோரைப் போலக் குரலைத் தடிப்பாக்கினாள். "இராஜம்மா! மழை கொட்டுது, மரமெல்லாம் ஈரம். இன்னிக்கு வெட்டு இல்ல. போய்ப் படு!"

ஜன்னலுக்கு வெளியே வானம் பளிச்சென்று வெளுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் மண்டோர் சொன்னால் மழைதான். இராஜம்மாவின் பிடி தளர்ந்தது. அப்புறம்தான் கதவோரம் நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"அர்ஜுனா... ஏன்டா மழையில நிக்கிற? காய்ச்சல் வந்துரும். உள்ள வாடா..." தன் போர்வையில் பாதியை அவனுக்காக விலக்கிப் பிடித்தாள்.

அர்ஜுனன் அந்தப் போர்வையில் முகம் புதைத்துக் குலுங்கினான். "தினமும் இப்படித்தானா அண்ணி...?"

"தினமும்தான் தம்பி. ஊரே காஞ்சு கெடந்தாலும் எங்க வீட்டுல மழைதான்."

"என்ன மன்னிச்சிருங்க... வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்..."

அம்சவள்ளி முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தாள். தன் கண்ணைத் துடைக்க மறந்துபோனாள்.

"சந்திரிகாவுக்கு நானும் சேர்ந்து இடம் தேடுறேன், அத விடுங்க. அக்காவ இன்னிக்கு உட்கார வைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இத்தன வருஷமா ரெண்டு பக்கமும் நானே தாங்கிட்டேன். உங்க பக்கம் நெறைய பாக்கி கெடக்கு. நர்ஸ் வந்ததும் அந்தத் தோளுக்கடியில கையக் குடுங்க."

நர்ஸ் வந்தாள். அர்ஜுனன் கையைக் கொடுத்தான். ஒரு தவணை வரவு. மீதி அப்படியே நின்றது.