எச்சில் பட்ட கடிவாளம்

பெட்டியைத் திறந்தால் கடிவாளம் ஈரமாக இருந்தது. நேற்றுச் சாயங்காலம் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு இறுக மூடிவைத்தது அவள்தான். வெண்கலத்துக்கு ஈரம் எமன் என்று ஊருக்கே பாடம் எடுப்பவளும் அவள்தான். தொட்டாள். வெதுவெதுப்பான நுரை.

அருங்காட்சியகத்தின் பின்பக்கம், பழம்பொருள்களைச் சுத்தம் செய்யும் அறை. ஜன்னலில் நல்ல வெயில். மேசையில், அகழாய்வில் ஒரே குழியில் கிடைத்த குதிரைச் சேணத்தின் வெண்கலப் பூண்கள்: வளையங்கள், சலங்கைகள், கன்னத்தில் பதியும் வட்டத் தகடுகள், தகட்டுக்குத் தகடு வாய் பிளந்த ஒரு முகம். வாய்க்குள் மாட்டும் கடிவாளம் இரண்டு. சின்னது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "குட்டிக்குக்கூடவா கடிவாளம் போட்டாங்க?"

"தாயை அடக்கணும்னா குட்டியைப் பூட்டினா போதும் சார்," என்று சிரித்தாள்.

"இன்னும் எச்சில் வைத்தியம்தானாம்மா?"

"அதுக்கு ஈடு எதுவும் இல்ல சார்."

பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்துத் துடைப்பது இந்தத் தொழிலில் பழைய கைப்பழக்கம். துடைத்த குச்சி மட்டும் திரும்ப வாய்க்குப் போகக் கூடாது. நேற்று, கடிவாளத்தைத் துடைக்கும்போது, ஏதோ நினைப்பில், ஒரு தடவை போய்விட்டது. அப்போது பிடித்த கசப்பு எத்தனை முறை கொப்பளித்தும் போகவில்லை.

அவர் போனதும் போன் அடித்தது. மகளின் மழலையர் பள்ளி ஆசிரியை.

"பாப்பா காலையிலேருந்து வாயே திறக்கல. உட்காரவும் மாட்டேங்குறா. கொஞ்சம் வர்றீங்களா?"

காலையில் பள்ளி வாசலில், குழந்தையின் கடைவாயில் காய்ந்திருந்த பாலை விரலில் எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டது ஞாபகம் வந்தது. "ச்சீ, எச்சி!" என்று சிரித்தாளே.

'வர்றேன்' என்று சொல்லப் போனாள். நாக்கு எழவில்லை. அதன்மேல் குளிர்ந்த கனம். மேசையைப் பார்த்தாள். இரண்டு கடிவாளமும் இல்லை.

ஓடினாள்.

வகுப்பறை மூலையில் மகள் நின்றிருந்தாள். காலால் தரையைத் தட்டினாள். கடைவாயில் பச்சைக் களிம்பு. நுரை. மூடிய வாய்க்குள் கிளிங், கிளிங்.

மகளை அள்ளப் போனாள். குழந்தையின் தலை பின்னால் வெடுக்கென்று போனது. இழுப்பவர் யாருமில்லை. இன்னொரு அடி வைத்தாள். இன்னும் இழுத்தது. உதடு கிழிந்தது.

மண்டியிட்டாள். இழுப்பு கொஞ்சம் தளர்ந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கைகளையும் தரையில் ஊன்றினாள். முழுக்க விட்டது.

"ஹை, குதிரை!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவள் முதுகில், வளர்ந்த ஓர் ஆளின் கனம் ஏறி உட்கார்ந்தது.