மேல் திருகு

ஜூலை 9. ஒரு தவறு செய்துவிட்டேன். கியர் ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றாமல் மேல் துளையில் ஊற்றியிருக்கிறேன். உள்ளே காற்று தங்கியிருக்கும். ஆயில் மறுபடி வெளுத்துப்போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

அவ்வளவு எழுதி நோட்டை மூடிவிட்டு அவள் கொட்டகைக்குப் போனாள். அண்ணனின் படகு மோட்டார் மரத்தாங்கியில் நின்றது. போன மாதக் காற்றில் அக்கரையிலிருந்து தனியாகத் திரும்பி வந்தபோது ஏரி நடுவே அண்ணனின் படகு கவிழ்ந்தது. படகையும் அதோடு மோட்டாரையும் சேற்றிலிருந்து இழுத்து வந்தார்கள். அண்ணன் மட்டும் கிடைக்கவில்லை.

முதல் தடவை கீழ்த் திருகைக் கழற்றியபோது ஆயில் பால் கலந்த காபியாக வழிந்தது. தண்ணீரில் கிடந்த மோட்டார், அது இயல்புதான். மெக்கானிக் மாலை வகுப்பில் படித்தபடி, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல்களை மாற்றினாள், வாஷர்களை மாற்றினாள், புது ஆயில் ஊற்றினாள். மறுநாள் சோதித்தால் அதே காபி. மோட்டார் கொட்டகையை விட்டு நகரவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் படவில்லை. உள்ளே காற்றடித்துப் பார்த்தாள். அழுத்தமானியில் ஏறிய முள் இறங்கவில்லை. எங்கும் கசிவு இல்லை.

வகுப்பில் மாஸ்டரைக் கேட்டாள். "வெளிய இருந்து வரலன்னா, உள்ள இருக்கிற காத்துலதாம்மா ஈரம் இருக்கணும். கண்ணாடில வாய வச்சு ஊதினா பூக்குதுல்ல, அது மாதிரி. கீழ இருந்து ஆயில ஏத்து. காத்து மேல வெளிய போயிடும்."

அண்ணி விளக்கோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"என்ன மெக்கானிக்கம்மா, இன்னிக்காவது தேறுமா?"

அது அண்ணன் வைத்த பெயர். அவன் போனபிறகு வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"தேறும் அண்ணி. நேத்து நான் செஞ்சதுதான் தப்பு."

"நீ எதைப் பிரிச்சு மாட்டினாலும் ரெண்டு பொருள் மிஞ்சும்னு உங்க அண்ணன் சொல்வாரு." சிரிக்கப் பார்த்தாள். "நாளன்னைக்கு நான் படகு எடுக்கலன்னா இந்தப் படகுத் துறைய வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. நடு ஏரில இது நின்னுச்சுன்னா, எனக்கு நீச்சலும் தெரியாது. பாத்துச் செய்."

பழைய ஆயிலை வடித்துவிட்டு, புதுப் புட்டியின் குழாயைக் கீழ்த் துளையில் திருகி மெல்ல அழுத்தினாள். ஈர மண்ணும் பெட்ரோலும் கலந்த கொட்டகையின் வாடைக்கு நடுவே, ஏரியில் தண்ணீர் படிகளைத் தட்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, மேல் துளையிலிருந்து காற்று ஒரு நூலாக வெளியேறி அவள் மணிக்கட்டைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. கொட்டகை வெப்பம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அதில் புதினா வாசனை வந்தது. அண்ணன் எப்போதும் கன்னத்தில் அடக்கியிருக்கும் இருமல் மிட்டாயின் வாசனை.

அழுத்துவதை நிறுத்தினாள். காற்றும் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

துளையின் வாயில் ஓர் ஆயில் படலம் பூத்தது. உப்பியது. உள்ளே வாங்கியது. மறுபடி உப்பியது.

எங்கே பிழை விட்டோம் என்று முதலிலிருந்து வரிசையாக யோசித்தாள். சீல் சரி. வாஷர் சரி. குழாய் சரி. யோசனையில் பிடி இறுகி, புட்டி இன்னும் கொஞ்சம் அழுந்தியது. உள்ளே ஆயில் ஏறியது. களகளவென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து இருமல். இரண்டு சின்ன இருமல், ஒரு செருமல். வாசலில் அண்ணனின் அந்தச் செருமலைக் கேட்டுத்தான் இந்த வீட்டில் கதவு திறப்பார்கள்.

ஆயில் அவன் கழுத்துவரை வந்துவிட்டது. நான்தான் ஏற்றினேன்.

குழாயைப் பிடுங்கினால் ஆயில் இறங்கிவிடும், அவன் மூச்சு விடுவான். அந்த மூச்சு ஆயிலில் பூக்கும். பல் சக்கரங்கள் துருப்பிடித்து, நடு ஏரியில் மோட்டார் நிற்கும். படகில் அண்ணி இருப்பாள்.

அண்ணி நெருங்கி வந்து, தூங்குகிறவரின் மூக்கருகே வைப்பதுபோல் புறங்கையைத் துளையருகே வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

"அண்ணி..."

"இன்னிக்கு ஒரு ராத்திரி இருக்கட்டும். நாளைக்கு மூடிடு."

அவள் புட்டியை அழுந்தாமல், சாயாமல் தாங்கியோடு கட்டிவிட்டு, அண்ணியை அங்கேயே விட்டு வீட்டுக்குள் வந்தாள். கொட்டகையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணி மோட்டார்மேல் கன்னத்தைச் சாய்த்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்தும்போதெல்லாம் ஆயிலுக்குள்ளிருந்து களகளவென்று பதில் வந்தது.

இவள் நோட்டைத் திறந்தாள்.

நாளைய வேலை: மேல் திருகுக்குப் புது வாஷர் போட வேண்டும். ஆயில் மேல் துளைவரை நிரம்பியதும் அதைத்தான் முதலில் இறுக்க வேண்டும். அதன்பிறகே கீழே குழாயை எடுக்க வேண்டும்.